யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவின் முற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில், "ஏதாவது ஒரு நாடகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள், கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும்" என்று கேட்டிருந்தார். நாடகம் பற்றித்தான் பேசப் போகிறேன். கலகலப்புக்கு உத்தரவாதம் தர முடியாது. எடுத்துக்கொண்ட நாடகம் அப்படி.

1978 டிசம்பரில் நம் பழைய ஆடிட்டோரியத்தில், ஆங்கில எம்.ஏ. மாணவர்கள் நாங்கள் ஒரு நாடகத்தைப் படித்துக் காட்டினோம். நடிக்கவில்லை, கையில் சைக்ளோஸ்டைல் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்கள். லீராய் ஜோன்ஸ் எழுதிய 'டச்மேன்'. அவர்தான் பிறகு அமிரி பராக்கா என்று பெயரை மாற்றிக்கொண்டவர். நாடகத்தில் அந்தப் பெண் ஆப்பிள் தின்றுகொண்டே பேச வேண்டும். ஆப்பிள் வாங்க எங்களிடம் ஏது காசு? கொய்யாப்பழம் வாங்கினோம். லூலாவாகப் படித்த தோழி அதைக் கடித்ததும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அன்றைய கலகலப்பு அவ்வளவுதான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் சுரங்க ரயில். கோடைக்கால வெக்கை. க்ளே என்று ஒரு கறுப்பு இளைஞன், இருபது வயது, கோட்டும் டையுமாக உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருக்கிறான். க்ளே என்றால் களிமண். எப்படியும் பிசையலாம் என்று மற்றவர்கள் நினைக்கும் ஆள். லூலா என்ற வெள்ளைக்காரி வந்து பக்கத்தில் அமர்கிறாள், முப்பது வயது. கொஞ்சுகிறாள், சீண்டுகிறாள், ஆப்பிள் கொடுக்கிறாள், அவனைப் பற்றி எல்லாம் தெரிந்தவள்போலப் பேசுகிறாள். உன் தாத்தா அடிமையாக இருந்தவர், உனக்கு எதற்கு இந்தக் கோட்டு என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறாள். பெட்டியில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவனை வாய்க்கு வந்தபடி ஏசி ஆட்டம் போடுகிறாள். கடைசியில் அவன் அவளை அறைந்து உட்கார வைத்துவிட்டு, அதுவரை உள்ளே பூட்டி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகிறான். எங்கள் பாட்டை ரசிக்கிறீர்களே, அந்தப் பாட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா என்கிறான். பெஸ்ஸி ஸ்மித், சார்லி பார்க்கர் பெயரெல்லாம் வருகிறது. அவர்கள் நாலு வெள்ளைக்காரர்களைக் கொன்றிருந்தால் அவர்களுக்கு இசையே தேவைப்பட்டிருக்காது என்கிறான். பேசி முடித்து, இறங்குவதற்காகத் தன் பொருள்களை எடுக்கக் குனிகிறான். அவள் கத்தியால் குத்துகிறாள். மற்றப் பயணிகள் வாய்பேசாமல் பிணத்தைத் தூக்கி வெளியே எறிகிறார்கள். அடுத்து இன்னொரு கறுப்பு இளைஞன் கையில் புத்தகத்தோடு ஏறுகிறான். அவள் அவனைப் பார்க்கிறாள். முடிந்தது. மொத்தம் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

பெயர் ஏன் 'டச்மேன்' என்றால், 1619இல் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து விற்றது ஒரு டச்சுக் கப்பல் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. கரைசேராமல் அலையும் டச்சுக்காரனின் பேய்க்கப்பல் கதையும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இந்த நாடகம் முதலில் மேடையேறியது 1964 மார்ச் 24. நியூயார்க்கில் கிரெனிச் வில்லேஜ் பகுதியில், செர்ரி லேன் என்ற சின்ன அரங்கம். 200 இருக்கைகூடக் கிடையாது. காலத்தைக் கவனியுங்கள். ஆறு மாதம் முன்பு, 1963 செப்டம்பரில், பர்மிங்ஹாமில் தேவாலயத்தில் குண்டு வைத்து நாலு கறுப்புச் சிறுமிகளைக் கொன்றிருந்தார்கள். சிவில் உரிமைச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. ஜூலை 2ஆம் தேதிதான் கையெழுத்தாகிறது.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1959இல், லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' பிராட்வேயில் வந்து 530 காட்சிகள் ஓடி, விமர்சகர் வட்டத்தின் விருதும் பெற்றது. வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கப் போகும் கறுப்புக் குடும்பத்தின் கதை. "இது நீக்ரோக்களின் கதை மட்டுமில்லை, எல்லா மனிதர்களின் கதை" என்ற ரீதியில் பாராட்டு குவிந்தது. அன்றைக்கு அவர்களை அச்சொல்லால்தான் எழுதுவார்கள். நல்ல பாராட்டுதான். ஆனால் இதில் ஒரு சிறு நிபந்தனை இருக்கிறது பாருங்கள்: எங்களைப்போல இருந்தால் உங்களை ஏற்றுக்கொள்கிறோம் என்று. 'டச்மேன்' அந்த நிபந்தனையை வாங்கி மூஞ்சியிலேயே திருப்பி எறிந்த நாடகம்.

'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஹோவர்ட் டாப்மன் மறுநாளே எழுதிவிட்டார். இது நாடகம் என்பதைவிட வெறுப்பின் வெடிப்பு என்பது அவர் கருத்து. கூடவே இன்னொன்றும் சொன்னார்: கறுப்பர்கள் மனதில் உண்மையிலேயே இப்படித்தான் இருக்கிறது என்றால், ஒழுங்காக அடங்கி நடப்பவர்களின் நெஞ்சுக்குள்ளும் யாரும் நினைத்துப் பார்க்காத அளவு கசப்பு புதைந்திருக்கிறது. அவர் நேர்மையானவர், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இரண்டாவது வாக்கியத்தை யாருக்காக எழுதுகிறார்? கறுப்பு வாசகருக்கு இது செய்தியே இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் தினமும் கேட்கிற பேச்சு. 'யாரும் நினைத்துப் பார்க்காத' என்றால், டைம்ஸ் வாங்கி டிக்கெட் எடுக்கிற வெள்ளையர் யாரும் நினைத்துப் பார்க்காத என்று அர்த்தம்.

இருந்தும் அந்த ஆண்டின் சிறந்த அமெரிக்க நாடகத்துக்கான ஓபி விருதை அதற்கே கொடுத்தார்கள். பிராட்வேக்கு வெளியே நடக்கும் நாடகங்களுக்கு 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை கொடுத்த விருது அது. முப்பது வயது நிரம்பாத கவிஞர் ஒரே நாளில் பெரிய ஆள். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், கட்டுரை கேட்கிறார்கள். 'டைம்ஸ்'ஸே கேட்டது. அவர் 'புரட்சி அரங்கம்' என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். கேட்ட பத்திரிகையே போட மறுத்தது. வேறு இடத்திலும் மறுத்தார்கள். கடைசியில் 1965 ஜூலையில் 'லிபரேட்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையில்தான் வந்தது. கோபம் மேடையில் டிக்கெட்டோடு கிடைத்தால் விருது, கட்டுரையாக வீட்டுக்கு வந்தால் வேண்டாம்!

இனி என் கதைக்கு வருகிறேன்.

அன்று ஆடிட்டோரியத்தில் முன்வரிசையில் பேராசிரியர்கள், அவர்கள் பக்கத்தில் நான். என் வேலை மறுநாள் கல்லூரி மலருக்கு விமர்சனம் எழுதுவது. நடுவில் மாணவிகள். பின்வரிசையிலும் ஜன்னல் திண்டிலும் விடுதி மாணவர்கள். க்ளேயாகப் படித்தவன் என் நண்பன், ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். அவன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. டை மட்டும் என்னுடையது. அந்தக் கடைசிப் பேச்சு வந்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டான். மனப்பாடமாகவே வந்தது. ஆங்கிலத்தில் அவ்வளவு திக்குகிறவன் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. முன்வரிசை அப்படியே அமைதி. பின்வரிசையில் கைதட்டு. சாதாரணக் கைதட்டு இல்லை, நிற்கவே இல்லை. என் பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாட் ஈஸ் தேர் டு கிளாப்?" என்றார். நானும் தலையாட்டினேன்.

மலரில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். "கோபம் கலையைத் தின்றுவிட்டது" என்பது தலைப்பு. டாப்மன் எழுதியதை எங்கள் தொகுப்பு நூலில் மேற்கோளாகப் படித்திருந்தேன். அதையே தமிழ்ப்படுத்தி என் சொந்தக் கருத்துபோல வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். நண்பன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மாடிப்படியில் பார்த்தபோது கேட்டான்:

"நீ எங்கடா உக்காந்து பாத்தே?"

"முன்னாடிதான். சார் பக்கத்துல."

"ம்... அதான்."

அவ்வளவுதான். நக்கல் செய்கிறான் என்று நினைத்து ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அவன் கேட்ட கேள்வி எனக்குப் புரிய இருபது வருடம் பிடித்தது.

புரிய வைத்தது ஹார்லெம். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்டார். ஜோன்ஸ் வெள்ளை மனைவியையும் கிரெனிச் வில்லேஜ் வாழ்க்கையையும் விட்டுவிட்டு ஹார்லெமுக்குப் போனார். மேற்கு 130ஆம் தெருவில் ஒரு பழைய வீட்டில் கறுப்புக் கலை அரங்கமும் பள்ளியும் தொடங்கினார். அந்தக் கோடையில் நாடகங்களைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் கொண்டுபோனார்கள். டிக்கெட் கிடையாது. 'டச்மேன்' அங்கேயும் நடந்தது. அதே வசனம், அதே கத்தி. பார்த்தவர்கள் மட்டும் வேறு. தென் நியூயார்க்கில் விருது வாங்கிய நாடகம் ஹார்லெமில் போட்டதும் 'இனவெறி நாடகம்' ஆகிவிட்டது என்று பராக்கா பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். அந்தக் கோடை நிகழ்ச்சிகளுக்கு அரசின் வறுமை ஒழிப்பு நிதியிலிருந்து பணம் வந்திருந்தது. வெள்ளையரை வெறுக்கச் சொல்லும் நாடகத்துக்கு மக்கள் வரிப்பணமா என்று பத்திரிகையும் அரசியல்வாதிகளும் பிடித்துக்கொண்டார்கள். பணம் நின்றது. உள்ளேயும் சண்டை. சீக்கிரமே அந்த அரங்கம் மூடிப்போனது.

விமர்சனம் எழுதுவது பத்திரிகைக்காரர் மட்டும்தானா? 1967 ஜூலையில் நியூவார்க் நகரத்துக் கலவரத்தில் ஜோன்ஸை போலீஸ் அடித்து, சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கும் போட்டது. தண்டனை சொல்லும் நாளில் நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? ஜோன்ஸ் எழுதிய ஒரு கவிதையைக் கோர்ட்டில் எடுத்து வாசித்தார். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் 'பிளாங்க், பிளாங்க்' என்று சொல்லிக்கொண்டே! வாசித்துவிட்டுச் சிறைத்தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது ரத்தாகி, பிறகு விடுதலையும் ஆனார். கவிதைக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் நான் கேள்விப்பட்டதில்லை.

யார் பார்க்கிறார்கள் என்பதை நாடகத்துக்குள்ளேயே வைத்துத் தைத்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுக்காரர் ழான் ழெனே. கறுப்பு நடிகர்களே வெள்ளை முகமூடி போட்டு நடிக்கும் 'கறுப்பர்கள்' நாடகம், பாரிஸில் 1959, நியூயார்க்கில் 1961. அங்கே 1,408 காட்சிகள் ஓடியது. அதன் முன்குறிப்பில் சொல்கிறார்: இது ஒரு வெள்ளையன் வெள்ளையர்களுக்காக எழுதியது. கறுப்பர்கள் மட்டுமே உள்ள சபையில் போடுவதானால் ஒரு வெள்ளைக்காரரை அழைத்து, மரியாதையாக முன்வரிசை நடுவில் உட்கார வைத்து, நாடகம் முடியும்வரை அவர்மேல் விளக்கு அடிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லையா, பார்வையாளர்களுக்கு வெள்ளை முகமூடி கொடு. அதையும் மறுத்தால் ஒரு பொம்மையை உட்கார வை! படித்ததும் எனக்கு அந்த 1978 முன்வரிசை ஞாபகம் வந்தது. எங்கள்மேல் விளக்கு அடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'அப்படியானால் பிடிக்காது என்று சொன்னவன் எல்லாம் தப்பு, பிடித்தது என்றவன் எல்லாம் சரி' என்று மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். பரீட்சைக்கு உதவாது, உண்மையும் இல்லை. லூலாவை ஒரு மனுஷியாக அந்த நாடகம் எங்கேயும் பார்க்கவில்லை. ஒரு நாட்டின் குற்றம் முழுவதையும் ஒரு பெண்ணின் உடம்பில் ஏற்றி ரயிலில் அனுப்பியிருக்கிறார். பெண்கள் இதைக் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். எங்கள் லூலா தோழிகூட ஒத்திகையில், "இவளுக்கு அம்மா அப்பா யாருமே கிடையாதா சார்?" என்று கேட்டாள். எழுதிய மனிதரும் கொஞ்சகாலம் யூதர்கள்மேல் பழி சொல்லி எழுதியவர். 1980இல் அது தவறு என்று அவரே வெளிப்படையாக எழுதினார்.

இன்னொரு திருத்தமும் செய்தார். அதுதான் எனக்கு முக்கியம். ஹான்ஸ்பெரியின் நாடகத்தை, நடுத்தர வர்க்கத்து வீடு வாங்கும் ஆசை என்று இளம் வயதில் இவர் ஒதுக்கியவர். 1980களின் பிற்பகுதியில், அது மறுபடி மேடையேறியபோது, நாங்கள் அன்று அதன் சாரத்தைத் தவறவிட்டோம் என்று எழுதினார். குடியிருக்க வீடு கேட்பது சின்ன விஷயம் என்று நினைத்துவிட்டோம் என்கிறார். ஹான்ஸ்பெரி இதைப் படிக்க இல்லை. 1965 ஜனவரியிலேயே, 34 வயதில், போய்விட்டார்.

சமீபத்திய கதை ஒன்று. ஜெரமி ஓ. ஹாரிஸ் எழுதிய 'ஸ்லேவ் ப்ளே'. 2018இல் நியூயார்க்கில் சின்ன அரங்கில் வந்து, 2019 அக்டோபரில் பிராட்வேக்குப் போனது. கறுப்பு, வெள்ளை கலந்த மூன்று ஜோடிகள். படுக்கையறைச் சிக்கலைத் தீர்ப்பதற்கான சிகிச்சை என்று அடிமைத் தோட்டக் காலத்து வேஷம் போட்டு நடிக்கிறார்கள். இந்த மேடையில் விவரமாகச் சொன்னால் முதல்வர் எழுந்து போய்விடுவார். அரங்க அமைப்பில் பின்புறம் முழுக்கக் கண்ணாடி. பார்வையாளர்கள் தங்களையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். 12 டோனி பரிந்துரைகள். அதுவரை வேறு எந்த வசன நாடகத்துக்கும் அத்தனை கிடைத்ததில்லை. கடைசியில் ஒரு விருதுகூட வரவில்லை.

இங்கேதான் என் கணக்கு இடிக்கிறது. நாடகத்தை நிறுத்தச் சொல்லி மனு போட்டது கறுப்பினத்தவர்கள்தான். எங்கள் பாட்டிமார் பட்ட வேதனையை இப்படியா காட்டுவது என்று. ஆகவே இருக்கை ஒன்றாக இருந்தாலும் பார்வை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் ஒரு இரவு முழுக்கக் கறுப்புப் பார்வையாளர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். அன்று சிரிப்பு வந்த இடம் வேறு, அமைதியான இடம் வேறு என்று போனவர்கள் சொன்னார்கள். 2024இல் லண்டனில் அப்படி இரண்டு இரவுகள் அறிவித்ததும், இது பிரிவினை என்று பிரதமர் அலுவலகமே கருத்துச் சொல்லியது. நாடகம் மேடையேறும் முன்பே விமர்சனம்! எனக்கே அது சரியா என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே லண்டனில் எத்தனை ஆயிரம் இரவுகள் அறிவிப்பே இல்லாமல் ஒரே நிறத்து ஆட்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள், அதற்கு எந்த அலுவலகமும் வாய் திறந்ததில்லையே என்று தோன்றுகிறது.

கடைசியாக, அந்த டை. 1998இல் ஒரு கல்யாண வீட்டில் நண்பனைப் பார்த்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது நானே பழைய விமர்சனத்தை எடுத்தேன். அப்போதுதான் சொன்னான். கோட்டைப் பற்றி லூலா கேட்கும் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒத்திகையில் அவன் நின்றுவிடுவான். வார்த்தை மறந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பி.ஏ. முதல் வருட லீவில் புதுச் செருப்பும் இஸ்திரிச் சட்டையுமாக ஊருக்குப் போயிருக்கிறான். ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அன்றைக்கு இவன் கழற்றவில்லை. திண்ணையில் இருந்த ஒருவர், "யாரு ஊட்டுச் செருப்புடா அது?" என்றாராம். அவன் அப்பா ஓடிவந்து, மகன் காலிலிருந்து தானே குனிந்து கழற்றியிருக்கிறார். இதைச் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

"அந்த ரெண்டு நிமிஷப் பேச்சை நான் படிக்கலடா, பேசினேன். நீ அதைக் கலை இல்லன்னு எழுதிட்டே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற குரலில் சொன்னான்.

பம்பாயில் 1972லேயே தலித் இளைஞர்கள், அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்துத் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு வருடம் கழித்து, அமெரிக்க இலக்கியத்தில் முதல் வகுப்பு வாங்கப்போகிற எனக்கு, பின்வரிசை ஏன் கைதட்டுகிறது என்று தெரியவில்லை!

அவன் இன்று வந்திருக்கிறான். இடது பக்கம், மின்விசிறிக்குக் கீழே. எழுந்து நிற்கச் சொன்னால் திட்டுவான். 1979ஆம் ஆண்டுக் கல்லூரி மலர் நூலகத்தில் இருக்கிறது, நேற்று மாலை போய்ப் பார்த்தேன். என் பெயர் தடித்த எழுத்தில். க்ளேயாகப் படித்தவன் பெயரை நான் எங்கேயுமே எழுதவில்லை, 'ஒரு மாணவர்' என்று போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பேனா வைக்க நூலகர் விடமாட்டார். அதனால்தான் செயலாளர் கடிதம் வந்ததும் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

சாப்பாடு தயார் என்று வாசலில் இருந்து கைகாட்டுகிறார்கள்.